நொண்டி நடக்கும் தாளம்

இசைக் கேள்வி-பதில் பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கிராமத்து ஆட்டங்களின் தாளம் சாஸ்திரிய இசை இயற்றியவர்களின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையே சுற்றி அமைந்திருந்தன. எனவே ராக லட்சணம் பற்றியும் சுருதிப்பெட்டி பற்றியும் வந்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சில வாரங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு சிறிய அரங்கில் நடந்த பியானோ நிகழ்ச்சிக்கு, மிருதங்கம் பயிலும் என் மகனை அழைத்துச் சென்றிருந்தேன். பார்டோக் என்பவர் எழுதிய பல்கேரிய நடனங்கள் ஆறு என்று அறிவித்து வாசித்தார்கள். இரண்டாவது துண்டு தொடங்கியதுமே மகன் தொடையில் மிஸ்ர சாபு போடத் தொடங்கினான். சிறிது நேரத்தில் கை தடுமாறி நின்றுவிட்டது. “ஏழுதாம்ப்பா, ஆனா எங்கேயோ திரும்பிக் கிடக்கு” என்றான். அவை உண்மையிலேயே பல்கேரியக் கிராமத்து நடனங்கள்தாமா? நம் தாளம் அங்கே எப்படிப் போயிற்று?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் மகனின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, கை மட்டும் பழகிய வழியில் போயிருக்கிறது. நாம் மிஸ்ர சாபுவைத் ‘தகிட தகதிமி’ என்று மூன்றை முன்னும் நான்கைப் பின்னும் வைத்து எண்ணுகிறோம். அந்த இரண்டாவது துண்டின் தலைப்பில் 2+2+3 என்று பார்டோக் குறித்திருக்கிறார். அதாவது நான்கு முன்னே வந்து மூன்று பின்னே வரும், ‘தகதிமி தகிட’. கூட்டினால் இரண்டும் ஏழுதான் என்றாலும் தட்டு விழும் இடம் மாறிவிடுகிறது. இப்படித் திருப்பி வைத்த சாபுவை நம்மவர்கள் விலோம சாபு என்பார்கள். சியாமா சாஸ்திரிகள் அதைக் கையாண்டதற்காகவே பெயர் பெற்றவர். பையனிடம் இந்த ஒரு விவரத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை கை நிற்காது.

நம் தாளம் அங்கே போகவில்லை, அவர்களுடையது இங்கே வரவும் இல்லை. பால்கன் நாடுகளின் கிராமங்களில் ஆடுகிறவர்கள், ஒரே அளவான அடிகளை வைப்பதற்குப் பதிலாகக் குட்டை அடி, நெட்டை அடி என்று இரண்டு அளவுகளைக் கலந்து வைக்கிறார்கள். குட்டை அடிக்கு இரண்டு மாத்திரை, நெட்டை அடிக்கு மூன்று மாத்திரை. ராச்செனிட்சா என்ற பல்கேரிய ஆட்டத்தில் குட்டை, குட்டை, நெட்டை என்று கால் விழுகிறது. கைக்குட்டையை வீசியபடி ஆடும் அந்த ஆட்டத்தில் மூன்றாவது அடி ஒரு கணம் தங்கிப் போவதைப் பார்த்தால், ஏழு என்ற எண்ணிக்கை ஆடுகிறவர் மனத்தில் இல்லவே இல்லை என்பது விளங்கும். அவருக்கு அது மூன்று அடிதான், மூன்றாவது சற்று நீளம். எண்ணிக் கணக்கிடுவது வெளியிலிருந்து கேட்கும் நம்முடைய வேலை. கண்ட சாபு போடத் தெரிந்த எந்தப் பையனும் ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து’ என்று எண்ணாமல் ‘தக தகிட’ என்று உடம்பாலேயே அறிந்திருப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆறு துண்டுகளில் ஒன்றுகூடக் கிராமத்திலிருந்து எடுத்த மெட்டு அன்று. அனைத்தும் அவரே இயற்றியவை. இங்கேதான் விஷயம் சுவையாகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பேலா பார்டோக் 1881இல் அன்றைய ஹங்கேரியில், இன்று ருமேனியாவுக்குள் இருக்கும் ஓர் ஊரில் பிறந்தவர். நகரத்து இசைப் பள்ளியில் ஜெர்மானிய மரபில் தேர்ந்த பியானோ வித்துவானாக வளர்ந்த அவர், 1904இல் திரான்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு பணிப்பெண் தன் பொறுப்பிலிருந்த குழந்தைக்குப் பாடிய பாட்டைத் தற்செயலாகக் கேட்டார். அதுவரை ஹங்கேரிய இசை என்று தமக்குச் சொல்லப்பட்டிருந்தது நகரத்து உணவகங்களில் வாசிக்கப்பட்ட இசைதான் என்றும், கிராமத்தில் இருப்பது வேறு என்றும் அவருக்கு அப்போது உறைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நண்பர் ஸோல்டான் கோடாயுடன் மெழுகு உருளையில் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய, ருமேனியக் கிராமங்களில் அலைந்தார்; 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வரை, 1936இல் துருக்கி வரை போனார். பதிவானவை ஆயிரக்கணக்கில் சேர்ந்தன.

இப்படிச் சேர்த்ததை இசையாக்கும் வழிகளை அவரே பிற்காலத்தில் மூன்றாகப் பகுத்துச் சொன்னார். கிராமத்து மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பக்கவாத்தியம் சேர்ப்பது ஒன்று. அந்த மெட்டைப் போலத் தாமே ஒன்று செய்வது இரண்டாவது. மூன்றாவதில் மெட்டும் இல்லை, போலிசெய்வதும் இல்லை. அந்த இசை தாய்மொழிபோல் ஆகிவிட்டபின் எதை எழுதினாலும் அதன் வாசனை தானே வந்துவிடுவது. 1915இல் பியானோவுக்கு அமைத்த ருமேனிய நாட்டார் நடனங்கள் முதல் வகை. கோலாட்டம் போன்ற கழியாட்டம் ஒன்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கும் ஆட்டம் ஒன்று என்று சின்னச் சின்னதாக இருக்கும். முழுத் தொகுதியும் வாசித்து முடிய ஐந்தாறு நிமிடம்கூட ஆகாது. 1923இல் எழுதிய நடனத் தொகுதியோ வேறு. புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று நகரங்கள் 1873இல் ஒன்றாக இணைந்ததன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்ட அந்த வாத்தியக் குழு இசையில் ஹங்கேரிய, ருமேனிய, அரபுச் சாயல்கள் அடுத்தடுத்து வருகின்றன. எனினும் அதில் எந்த மெட்டும் எந்தக் கிராமத்துக்கும் சொந்தமில்லை.

நீங்கள் கேட்ட ஆறு நடனங்கள் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்ற 153 பியானோத் துண்டுகளின் கடைசி ஆறு. 1926க்கும் 1939க்கும் இடையில், பிள்ளைகள் படிப்படியாகக் கற்பதற்காக ஆறு தொகுதிகளாகச் சேர்ந்த அந்தப் பணியின் முதல் இரண்டு தொகுதிகளை அவர் தம் மகன் பேட்டருக்கு உரித்தாக்கியிருக்கிறார். மகனை அழைத்துச் சென்ற தந்தையாகிய நீங்கள் இதை அறிய விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஆறில் முதலாவது 4+2+3: ஒன்பது மாத்திரை கொண்ட நம் சங்கீர்ணத்தைச் சொல்லும் ‘தகதிமி தகதகிட’ அப்படியே பொருந்தும். மூன்றாவது 2+3, அச்சொட்டாகக் கண்ட சாபு. நான்காவது 3+2+3, ஆறாவது 3+3+2. இரண்டும் எட்டு அட்சரம்தான் என்றாலும் ஆதி தாளத்தின் நிதானத்தை அவற்றில் தேடினால் கிடைக்காது. ஐந்தாவதில் மூன்று குட்டை அடிகளுக்குப் பின் ஒரு நெட்டை அடி. வேகம் மட்டும் நம்முடையதைவிடப் பல மடங்கு அதிகம்; மாத்திரைகளைத் தனித்தனியே எண்ண நேரமே இருக்காது, கூட்டம் கூட்டமாகத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பல்கேரிய ஆய்வாளர்கள் தங்கள் ஊர்த் தாளங்களைப் பற்றி எழுதியதைப் படித்தபின், தாம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ருமேனியப் பதிவுகளை பார்டோக் திரும்ப எடுத்துக் கேட்டார். முன்பு சாதாரணச் சம அளவில் எழுதியிருந்த சில மெட்டுகள் உண்மையில் இந்தக் குட்டை-நெட்டைத் தாளத்தில் இருந்ததை அப்போதுதான் உணர்ந்து, தம் கையால் எழுதியதைத் தாமே திருத்தினார். உலகத்திலேயே கூர்மையான காதுகளில் ஒன்று என்று போற்றப்பட்ட காது அது. பள்ளியில் கற்ற சம அளவு அதையும் மறைத்திருக்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் ஆறு நடனங்களும் தொகுதியில் சேர்ந்தன.

கேள்வி: இந்த வகைத் தாளத்துக்கு ஆய்வாளர்கள் ‘ஆக்ஸாக்’ என்று பெயர் வைத்திருப்பதாகவும், துருக்கி மொழியில் அதற்கு நொண்டுதல் என்று பொருள் என்றும் படித்தேன். நம்மிடமும் நொண்டிச் சிந்து இருக்கிறதே! இரண்டும் ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லக் கூடாது. ஆக்ஸாக் என்பது தாளத்தின் நடையைப் பார்த்து வைத்த பெயர்: ஓர் அடி குட்டையாகவும் மறு அடி நெட்டையாகவும் விழுவதால் நொண்டுவதுபோல் இருக்கிறது என்பது அதன் கருத்து. நம்முடைய நொண்டிச் சிந்து, கதாநாயகனைப் பார்த்து வைத்த பெயர். நொண்டி நாடகம் என்று ஒரு வகை நம்மிடம் இருந்தது. தாசியிடம் பொருளை இழந்த ஒருவன் திருடப் புகுந்து, அகப்பட்டுக் காலை இழந்து, இறுதியில் இறைவன் அருளால் கால் வளரப் பெற்றதைத் தானே ஒற்றைக் காலில் குதித்தபடி பாடி நடிப்பான். சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்பன அச்சில் கிடைப்பவை. அவன் பாடிய சிந்துக்கு நொண்டிச் சிந்து என்று பெயர் நிலைத்தது. பாட்டின் நடையோ நொண்டுவதில்லை; நன்றாகச் சமன்பட்டு, நடுவே ஒரு தனிச்சொல் வந்து இளைப்பாறி, மறுபாதிக்குப் போகும்.

அந்தச் சமநடையே பிற்காலத்தில் அதற்குப் புதுவாழ்வு கொடுத்தது. ஒற்றைக் காலில் குதித்தவனுக்காகப் பிறந்த அச்சை, கால் இரண்டும் உள்ளவர்களும் எடுத்துக்கொண்டார்கள்: புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாரதியார் கண்ணனைத் தாயாகப் பாடியது இந்தச் சிந்தில்தான். ஆட்டம் போய்விட்டது, குதிப்பு போய்விட்டது, மூச்சு விடும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. எழுதப்பட்ட சிந்தை ஏட்டில் பார்த்து அசை பிரித்தால் இந்த இளைப்பாறல் பிடிபடாது. தாளம் போட்டுப் பாடினால்தான் எங்கே எழுத்து நீள்கிறது, எங்கே ஓசை இல்லாமல் தாளம் மட்டும் நடக்கிறது என்று தெரியும். சிந்துக்குத் தனியே யாப்பு வகுத்த நம் புதுச்சேரி இரா. திருமுருகன் அவர்கள் சீரை மும்மை நடை, நான்மை நடை என்று தாளத்தின் வழியில் பகுத்தது இதனால்தான். தமிழ்ப் புலமையோடு புல்லாங்குழலும் கைவரப் பெற்றவர் என்பதால், காதால் இலக்கணம் எழுத அவரால் முடிந்தது.

கேள்வி: ஐரோப்பியர் ஒருவர் கிராமம் கிராமமாக அலைந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். நம் சாகித்யகர்த்தாக்கள் யாரும் ஆட்டத்தின் தாளத்தை எடுத்துக்கொள்ளவில்லையா? எடுத்திருந்தால், அவர்களும் பார்டோக்கைப் போலச் சேகரித்தார்களா?
– ஒரு மாணவர், சிதம்பரம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பதிலில் பாதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

திருவாசகத்தை எடுத்துப் பாருங்கள். சாழல், உந்தியார், தோணோக்கம், பூவல்லி, பொன்னூசல், தெள்ளேணம், பொற்சுண்ணம். இவை எல்லாம் பெண்கள் கேள்வி கேட்டு விடை சொல்லி ஆடியவையும், பூக்கொய்தவையும், ஊஞ்சல் ஆடியவையும், சுண்ணம் இடித்தவையுமாகிய விளையாட்டு, வேலைப் பாட்டுகளின் அச்சுகள். தில்லையில் அருளியவை என்றே மரபு இவற்றுக்குத் தலைப்பிடுகிறது. ஓதுவார் நிதானமாகப் பண்ணோடு ஓதும்போது நமக்கு இது மறந்துபோகிறது. உந்தியாரின் ஒவ்வொரு பாட்டிலும் ‘உந்தீபற’ என்று முடிகிற இடத்தில் ஒரு குதிப்பு இருக்கிறது; அதை உட்கார்ந்தபடி சொன்னாலும் தோள் சற்று எழும்பத்தான் செய்யும்.

சாஸ்திரிய சங்கீதம் என்று நாம் இன்று சொல்கிற வடிவத்துக்கு வந்தால், முதலில் நினைவுக்கு வருபவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்து நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியவர். கதாகாலட்சேபத்துக்காக எழுதப்பட்ட அதில் கனமான ராகக் கீர்த்தனைகளும் இருக்கின்றன, சிந்து, கண்ணி என்று தெருவில் பாடுகிற அச்சுகளும் இருக்கின்றன. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் எண்ணம் அவரிடம் தெரியவில்லை. சேரியைக் கண்முன் கொண்டுவர வேண்டிய இடத்தில் சிந்து தானே வந்து நிற்கிறது. ஊருக்கு வெளியே நின்று நந்தன் உத்தரவு கேட்கும் ‘வருகலாமோ’ என்ற பாட்டு கச்சேரிகளில் மாஞ்சி ராகத்தில், மிஸ்ர சாபுவில் பாடப்படுகிறது. அந்தச் சாபுவோ சூளாதி சப்த தாளங்கள் என்ற ஏழு தாள வகையில் சேராதது. லகு, திருதம் என்ற அங்கங்கள் இல்லாதது. விரல் எண்ணிக்கையும் கிடையாது, தட்டு மட்டுமே. அது நாட்டார் வழக்கிலிருந்து மேடைக்கு வந்தது என்பதே இசை ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கோயிலுக்குள் வர அனுமதி இல்லாதவன், ஏழு தாளக் கணக்குக்குள் இடம் இல்லாத தாளத்தில் நின்று கேட்கிறான் என்பது எனக்கு எப்போதும் தற்செயலாகத் தோன்றியதில்லை. இது என் எண்ணம்தான்; பாரதியார் அப்படி நினைத்து அமைத்தார் என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை.

சேக்கிழார் திருநாளைப்போவார் என்று சொல்லும் நந்தனாரின் தொழிலையும் உடன் வைத்துப் பாருங்கள். கோயில் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். உள்ளே ஒலித்ததெல்லாம் வெளியே இருந்தவர் கையிலிருந்து போனது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது நம் பக்கத்தில்தான். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்காலில், சீசையா என்று நம்மவர்கள் அழைத்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆர்வத்தால் 1860களின் தொடக்கத்தில் அது வெளிவந்தது. சிறப்புப் பாயிரம் கேட்டுப் போனபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுக்கள் இருப்பதால் தயங்கிப் பலமுறை தட்டிக்கழித்தார் என்றும், பின்பு ஒருநாள் பாரதியார் தம் வாயாலேயே பாடக் கேட்டு உருகிப் பாயிரம் தந்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏட்டில் வழுவாகத் தெரிந்தது பாடும்போது மறைந்துவிட்டது. பார்டோக் தம் பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டுத் திருத்தியதையும் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்: இரண்டு இடத்திலும் கண் தவறவிட்டதைக் காதுதான் மீட்டது.

கடலூர் மாவட்டத்துக்காரர்களாகிய நாம் வடலூரை மறந்துவிட்டுப் பேச முடியாது. மருதூரில் 1823இல் பிறந்து, வடலூரில் 1867இல் தருமசாலையும் 1872இல் சத்திய ஞான சபையும் கண்ட வள்ளலார், சண்முகர் கொம்மி, நடேசர் கொம்மி என்று கும்மிக்கே பாட்டு எழுதினார். அவருடைய திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் பந்தாடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெண்கள் பந்து தட்டும் விசையில் ‘ஆடேடி பந்து’ என்று திரும்பத் திரும்ப வரும். சொல்லப்படுவதோ சுத்த சன்மார்க்கத்தின் உச்ச அனுபவம். பந்தின் வேகத்தை அந்த அனுபவத்துக்கு ஏற்றதாக அவர் ஏன் கருதினார் என்பது, அதை வாய்விட்டு ஒரு முறை பாடியவர்களுக்குத் தானே விளங்கும். தெற்கே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிற நடைக்கு என்று எழுதிய காவடிச் சிந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; தோளில் பாரம் இருப்பவன் கால் எப்படி விழும் என்று அறிந்தவர் எழுதியது அது.

சேகரித்தார்களா என்று கேட்டீர்கள். தேவைப்படவில்லை. பார்டோக் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் பயணம் போக வேண்டியிருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு அது தெருக்கோடியில் கேட்டது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பார்டோக் எழுதிய நடனங்கள் அங்கே கச்சேரியின் நடுவிடத்தில் வாசிக்கப்படுகின்றன. நாமோ சிந்தையும் கும்மியையும் துக்கடா என்று பெயரிட்டு, பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கேள்வி: கிராமத்தான் ஆடிய தாளத்தைப் படித்தவர் எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொள்வது திருட்டு ஆகாதா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: மெட்டை எடுத்து மூலத்தைச் சொல்லாமல் விட்டால் குறைதான். தாளத்தை எடுப்பது அப்படி அன்று. மூன்றும் நான்கும் யாருடைய நிலமும் இல்லை. பார்டோக் தம் பதிவுகளில் ஊரையும் பாடியவரையும் முறையாகக் குறித்துவைத்தார். எடுத்த மெட்டை எடுத்தது என்றே தலைப்பில் சொன்னார், தாமே செய்ததை நாட்டார் மெட்டு என்று ஏமாற்றவும் இல்லை. கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாகவே நடந்தது என்றும் எண்ண வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதர், கும்பினியாரின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்யம் அமைத்து ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வரங்கள் செய்திருக்கிறார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு. வேறு சில அந்த நாட்டுக் கிராமத்து நடனங்களின் மெட்டுகள். பார்டோக்கின் பகுப்புப்படி பார்த்தால் இவை முதல் வகை. தீட்சிதரின் பெருமை இவற்றால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடமாக நன்றாகப் பயன்படுகின்றன.

கேள்வி: நான் எங்கள் ஊர்ப் பறைக் குழுவில் வாசிக்கிறேன்; கீபோர்டும் ஓரளவு தெரியும். எங்கள் அடிகளை வைத்துப் புதிதாக ஒரு வாத்திய இசை அமைக்க வேண்டும் என்று ஆசை. கணினியில் பறை ஒலியைப் பின்னணியில் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. எங்கே தவறு?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ஒட்டவைத்தால் ஒட்டவைத்ததுபோல்தான் இருக்கும். நீங்கள் எடுத்தது பறையின் ஒலி. எடுக்க வேண்டியது அந்த அடிக்கு ஆடுகிறவரின் கால். முதலில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் குழுவில் நன்றாக ஆடும் ஒருவரை ஆடச் சொல்லி, பாதம் மட்டும் தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். எந்த அடி தரையில் அழுத்தி விழுகிறது, எது தொட்டு எழுகிறது, எங்கே உடம்பு ஒரு கணம் காற்றில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து, மிகச் சிறிய அசைவை ஒன்று என்று வைத்து, மற்றவை அதைப்போல் எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். நான்கு நான்காகத்தான் வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாதீர்கள். கணினி மென்பொருள் திறந்தவுடனே நான்கு கட்டம் போட்டுக் காட்டும், அதை நம்பினால் பார்டோக் முதலில் செய்த பிழையையே செய்வீர்கள்.

அந்த எண்கள் கிடைத்தபின் பறையை மறந்துவிட்டு, அந்த அளவுகளிலேயே கீபோர்டில் ஓர் இசைத்தொடர் அமைத்துப் பாருங்கள். அதைக் கேட்டு உங்கள் ஆட்டக்காரரின் கால் தானே எழுந்தால் சரியாக வந்திருக்கிறது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினால் திரும்ப முயலுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை வரும்போது ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேளமும் பம்பையும் அடுத்தடுத்துக் கடந்துபோகும். மணலில் நடக்கிறவர்களின் கால் தார்ச்சாலையில் நடப்பதுபோல் விழாது, அதற்கேற்ப அடியும் சற்று இழுபடும். தெருக்கூத்து நடக்கும் ஊர் பக்கத்தில் இருந்தால், வேஷக்காரர் சலங்கையோடு சுற்றிச் சுழன்று வந்து நிற்கும் இடத்தில் மத்தளக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அந்த நிறுத்தம் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு நீளம். மத்தளக்காரர் அதை எண்ணிப் பிடிப்பதில்லை, முழங்காலைப் பார்த்துப் பிடிக்கிறார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் இசை அமைந்தபின், அந்த அடி எந்த ஊர் அடி, யாரிடம் கற்றது என்பதை அதன் தலைப்பிலேயே எழுதுங்கள்.

கேள்வி: பார்டோக்கை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? நான் நெல்லிக்குப்பத்தில் வயலின் கற்கிறேன்.
– ஒரு மாணவி

பதில்: முதலில் 1915இன் ருமேனிய நாட்டார் நடனங்கள். அவற்றுள் பெரும்பாலானவை கிராமத்துப் பிடில்காரர்களிடம் பதிவுசெய்த மெட்டுகள் என்பதால் வயலினுக்கு மாற்றி அமைத்த வடிவம் இயல்பாக இருக்கும். ஐந்தாவது நடனத்தில் இரண்டும் மூன்றும் மாறி மாறி வரும் இடத்தில் தாளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தக் கடைசி ஆறு பியானோத் துண்டுகள். அதன்பின் 1934இல் எழுதிய ஐந்தாம் நால்வர் இசையின் நடுப்பகுதி: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அதுவும் 4+2+3தான், தொடங்கும்போதே ‘தகதிமி தகதகிட’ என்று பிடித்துக்கொண்டால் முதல் தடவையிலேயே உடன் போகலாம்.